ஜமுக்காளத்தின் மறுமுனை

தில்லைநாயகம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டால் ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தாலும் அசையமாட்டார். பண்பொழிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த அந்தத் தகரக்கூரைத் தியானக்கூடத்தில் எல்லாருக்கும் அது தெரியும். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் கண்ணைத் திறந்து திறந்து அவரைத்தான் பார்ப்பார்கள்.

அவருக்கு அது பெரிய காரியமாகத் தோன்றியதில்லை. ஓமான் நாட்டில் ஒரு துறைமுகத்தில் பதினேழு வருஷம் கிரேன் ஓட்டியவர். பனைமரத்தைவிட உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒற்றையாக உட்கார்ந்திருப்பதுதான் அங்கே வேலை. சும்மா உட்காருவதை அவருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

போன தை மாதம் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தார். அதுவரை வருஷத்துக்கு ஒரு மாதம்தான் லீவு. அந்த ஒரு மாதமும் கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று ஓடிப்போகும். வந்து தங்கிய பிறகுதான் ஒன்று புரிந்தது. அவருடைய வீட்டில் அவர் விருந்தாளியாக இருந்தார்.

மனைவி செண்பகவல்லி ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்கு வெந்நீர், நேரத்துக்குச் சாப்பாடு. "இன்னொரு தோசை வைக்கட்டா?" என்று கேட்பாள். அவர் போதும் என்றால் போய்விடுவாள். மகள் மதிவதனி கோயம்புத்தூரில் வேலை பார்த்தாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

அவர் கை பட்டால் செண்பகவல்லியின் உடம்பு விறைக்கும். தள்ளிவிடமாட்டாள். முகம் சுளிக்கமாட்டாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தோள் இடித்தால் ஒரு பெண் எப்படி இருப்பாளோ, அப்படி இருப்பாள். கொஞ்ச நாளில் அவரும் கையை வைப்பதை விட்டுவிட்டார். விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தியானக்கூடத்துக்குப் போகத் தொடங்கினார்.

அங்கே குருவாக இருந்தவர் பெயரும் குருவம்மாள். குலசாமி பெயர் என்று பெற்றோர் வைத்தது. பிறகு வேலைக்கும் பொருந்திப்போயிற்று. ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். வேலையை விட்டு, வடக்கே ஒரு மடத்தில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். தில்லைநாயகத்தைவிட நாலைந்து வயது இளையவர். அதனால் அவரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

குருவம்மாள் உபதேசம் செய்வதில்லை. "தோளைத் தொங்கவிடுங்க" என்பார். "முதுகை விறைச்சுக்கிட்டு உட்காராதீங்க" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஒரு நாள் காலை, மற்றவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு தில்லைநாயகம் தயங்கி நின்றார்.

"குருவம்மா, ஒரு சங்கதி கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"மூச்சு மூக்கு நுனியில வந்து படுறது தெரியுது. கால் பெருவிரல்ல ரத்தம் துடிக்கிறதுகூடத் தெரியுது."

"நல்லது."

"ஆனா வீட்டுல பக்கத்துல இருக்கிறவ மனசு என்னன்னு தெரியலை."

"மனசு கிடக்கட்டும். அவங்க உடம்பு தெரியுமா?"

தில்லைநாயகத்துக்குக் காது மடல் சுட்டது. ஒரு பெண்பிள்ளை, அதுவும் குரு ஸ்தானத்தில் இருக்கிறவர், இப்படியா கேட்பார்? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குருவம்மாள் அதற்குள் எழுந்து சுவரோரம் போய்விட்டார். அங்கே ஒரு நீள பெஞ்சு கிடந்தது. பழைய பள்ளிக்கூட பெஞ்சு, வேங்கை மரம், நல்ல கனம்.

"இதை வெளி வராந்தாவுல போடணும். அந்தப் பக்கம் பிடிங்க."

தில்லைநாயகம் பிடித்தார். தூக்கினார். பலசாலி. நாலு எட்டில் வாசலுக்கு வந்துவிட்டார். பின்னால் பிடித்திருந்த குருவம்மாளின் கால் நிலைப்படியில் இடித்தது. பெஞ்சு சாய்ந்து பொத்தென்று விழுந்தது.

"அடடா. பார்த்து வரக்கூடாதா, குருவம்மா?"

குருவம்மாள் காலைத் தேய்த்துக்கொண்டார். "மறுபடியும் தூக்குங்க. பழைய இடத்துக்கே கொண்டு போயிருவோம்."

"வராந்தாவுல போடணும்னீங்க?"

"இப்ப வேண்டாம்."

கொண்டுபோய் வைத்தார்கள். வைத்ததும், "சரி, வராந்தாவுலயே போடுவோம்" என்றார் குருவம்மாள்.

தில்லைநாயகத்துக்கு உள்ளுக்குள் எரிச்சல். காட்டிக்கொள்ளாமல் தூக்கினார். மறுபடியும் வெளியே, மறுபடியும் உள்ளே. அப்படிப் போய்வந்ததில் ஒருமுறை, வாசலை நெருங்கும்போது, பெஞ்சின் மறுமுனையில் ஒரு சின்னத் தயக்கம் வந்தது. குருவம்மாள் படியைத் தாண்டக் காலைத் தூக்குகிறார். திரும்பிப் பார்க்காமலே அது தில்லைநாயகத்துக்குத் தெரிந்தது. மரத்தின் வழியாகக் கைக்கு வந்தது. அவர் கால் தானாக நின்றது. குருவம்மாள் படியைத் தாண்டினார். இருவரும் பெஞ்சைச் சத்தமில்லாமல் இறக்கினார்கள்.

"போதும்" என்றார் குருவம்மாள்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே?"

"எனக்குத் தோள்பட்டை வலிக்கு அண்ணாச்சி. நாளைக்குப் பார்ப்போம்."

சைக்கிளை மிதித்துக்கொண்டே தில்லைநாயகம் யோசித்தார். கவனம் என்கிறார் குருவம்மா. கவனமாக இருக்க வேண்டும். அவ்வளவுதானே? இருந்துவிட்டால் போயிற்று.

அன்று மத்தியானமே ஆரம்பித்தார். செண்பகவல்லி சாப்பிட உட்கார்ந்ததும் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார். அவள் கை சோற்றைப் பிசைவதை, வாய் அசைவதை, தொண்டை ஏறி இறங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

அவள் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "என்ன அப்படிப் பாக்கீங்க? குழம்பு சரியில்லையா?"

"குழம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. நீ மெதுவா மென்னு பாரு. புளிப்பு நாக்குல எந்த இடத்துல படுதுன்னு கவனி."

அவள் மென்றாள். "படுது."

"எங்க?"

"நாக்குலதான்."

சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவளுடைய இடது மணிக்கட்டை இறுகப் பற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கண்ணை மூடு. என் கைச் சூடு உன் கைக்குள்ள இறங்குதா பாரு."

அவள் கண்ணை மூடினாள். உதட்டைக் கடித்திருந்தாள். அவர் கைக்குள் அவள் கை மரக்கட்டையாகக் கிடந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்த சத்தம் கேட்டதும், விட்டால் போதும் என்று கையை உருவிக்கொண்டு ஓடினாள்.

பால் பாத்திரத்தைத் துடைத்துவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"அங்க போயி கத்துக்கிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கீங்களோ?"

"உனக்கும் நல்லதுதானே வல்லி."

"எனக்கு என்ன நல்லதுன்னு பதினேழு வருஷமா நான்தான் பார்த்துக்கிட்டேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. விலை சொல்வதுபோலச் சொன்னாள். தில்லைநாயகத்துக்குச் சுருக்கென்றது. நானும் அந்தப் பதினேழு வருஷம் யாருக்காக அங்கே கிடந்தேன் என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை.

அந்த வாரத்தில்தான் ஓமானிலிருந்து சுலைமான் கூப்பிட்டார். அங்கே அவருடைய மேஸ்திரியாக இருந்தவர். புதிதாக ஒரு துறைமுகம் திறக்கிறார்கள், பழகிய ஆள் வேண்டும், இரண்டு வருஷம் வந்துவிட்டுப் போ என்றார்.

தில்லைநாயகம் போனைக் கையில் வைத்துக்கொண்டே அடுக்களையைப் பார்த்துச் சொன்னார். "சுலைமான் பாய் கூப்பிடுதாரு. மறுபடியும் வரச் சொல்லுதாரு."

பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"உங்க இஷ்டம்" என்றாள் செண்பகவல்லி. மறுபடியும் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

யோசித்துச் சொல்வதாக சுலைமானிடம் சொல்லி வைத்தார். ஆனால் யோசிக்க அதில் என்ன இருக்கிறது? இருக்கச் சொல்ல ஆள் இருந்தால் இருக்கலாம். மறுநாள் குருவம்மாளிடம் போய்ச் சொன்னார்.

"நான் கிளம்பலாம்னு இருக்கேன் குருவம்மா. அடுத்த மாசம் போல. உங்க ஆசீர்வாதம் வேணும்."

குருவம்மாள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "அங்க கிரேன்தானே ஓட்டுதீங்க?"

"ஆமா."

"காத்து அடிச்சா சுமை ஆடுமே. ஆடுதுன்னு எப்படித் தெரியும்?"

"பார்த்தாத் தெரியும்." கொஞ்சம் யோசித்தார். "இல்லை. பார்க்கிறதுக்கு முந்தியே தெரியும். உட்கார்ந்திருக்கோம்லா, அந்த இடத்துல தெரியும். கண்ணுக்குத் தெரியுறவரை காத்திருந்தா நேரமாயிரும்."

"ஆடினா என்ன செய்வீங்க?"

"புது ஆளுங்க இழுப்பாங்க. இழுத்தா இன்னும் ஆடும். அது போற பக்கமே நாமளும் கொஞ்சம் போகணும். தானா நின்னுரும்."

"ம்." குருவம்மாள் ஒரு பாயைச் சுவரில் சாய்த்தார். "அவங்க என்ன சொன்னாங்க?"

"உங்க இஷ்டம்னா."

"சொல்லும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"முன் ரூம்ல."

"அவங்க?"

"அடுக்களையில."

"அவங்க கை என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள் என்று சொல்லலாம். ஆனால் நடுவில் சத்தம் நின்றதே, அப்போது அவள் கை என்ன செய்தது? அது அவருக்குத் தெரியாது.

குருவம்மாள் அடுத்த பாயை எடுத்தார். ஆசீர்வாதமும் செய்யவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சாரல் காலம் அது. நாலைந்து நாளாக வெயிலே இல்லை. சனிக்கிழமை காலை மேகம் விலகிப் பளிச்சென்று வெயில் அடித்தது. மகள் வரப்போகிறாள் என்று செண்பகவல்லி பெரிய ஜமுக்காளத்தை எடுத்துத் துவைக்கிற கல்லில் போட்டாள். நாலு பேர் படுக்கிற ஜமுக்காளம். நனைந்தால் ஒரு ஆள் கனம் கனக்கும்.

வழக்கமாக எதிர்வீட்டு லூர்துமேரி வந்து மறுமுனையைப் பிடிப்பாள். அன்று அவள் தென்காசிக்குப் போயிருந்தாள். செண்பகவல்லி கொஞ்ச நேரம் ஒற்றையாகவே பிழிந்து பார்த்தாள். மலைப்பக்கம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. பிறகு பின்வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இதை ஒரு பக்கம் பிடிக்கீங்களா?"

தில்லைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். அவர் வலப்பக்கம் முறுக்கினார். ஒரே முறுக்குத்தான். அவள் கையிலிருந்த முனை சுழன்று நழுவி, துவைத்த ஜமுக்காளம் சகதியில் விழுந்தது.

'இறுக்கிப் பிடிக்கக்கூடாதா' என்பது அவர் நாக்கு நுனிவரை வந்தது. அவள் குனிந்து ஜமுக்காளத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள். இடது கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் தூக்கினாள். அவர் சொல்ல வந்ததை விழுங்கினார்.

அலசினார்கள். மறுபடியும் ஆளுக்கொரு முனை.

இந்த முறை அவர் முறுக்கவில்லை. துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ முறுக்கு வல்லி. நான் பிடிச்சுக்கிடுதேன்."

அவள் முறுக்கினாள். ஈரத் துணியின் வழியாக அந்த முறுக்கு நடந்து அவர் கைக்கு வந்தது. வரும்போது அது ஒரே வீச்சாக வரவில்லை. முதலில் பலமாக ஒன்று. பிறகு ஒரு தடங்கல். பிறகு பின்னாலேயே நலிந்து இன்னொன்று, லேசான நடுக்கத்தோடு. வலது கை முறுக்குகிறது, இடது கை பிந்தி வருகிறது. அந்த நடுக்கம் வந்த நேரத்தில், இழுத்துப் பிடிக்காமல், அவர் அவள் பக்கமாக ஓர் எட்டு வைத்தார். துணி தளர்ந்தது. நடுக்கம் நின்றது.

செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"இடது கை வலிக்கா?" என்று கேட்டார்.

"அது எப்பவும் உள்ளதுதான்."

"எப்பவும்னா?"

அவள் மறுபடியும் முறுக்கப் பார்த்தாள். அவர் இன்னும் இரண்டு எட்டு வைத்தார். நடுவில் ஜமுக்காளம் தொய்ந்து தண்ணீர் சொட்டியது.

"நீங்க கடைசியா வந்துட்டுப் போனீங்கல்ல, அதுக்கு அடுத்த சாரல்ல. இந்தா, இங்கதான். பாசி வழுக்கிட்டு. கையை ஊனிக்கிட்டு விழுந்தேன். எலும்பு முறிஞ்சு போச்சு."

"முறிஞ்சு போச்சா?"

"கட்டுப் போட்டாங்க. பிரிச்சதுக்குப் பிறகு மறுபடியும் வரச் சொன்னாங்க. நான் போகலை. ஒத்தையா எத்தனை தடவைதான் பஸ் ஏறுறது?"

"என்கிட்ட சொல்லலையே வல்லி. தினம் வீடியோ கால்ல பேசிக்கிட்டுத்தானே இருந்தோம்?"

"போனை டம்ளர்ல சாய்ச்சு வெச்சிட்டுப் பேசினேன். கையை மேஜைக்குக் கீழ வெச்சுக்கிட்டேன்."

தில்லைநாயகத்துக்கு அந்த நாட்கள் ஞாபகம் வந்தன. அவள் போனைக் கையில் எடுத்துப் பேசுவதைத் திடீரென்று விட்டிருந்தாள். ஏதோ வேலை பார்த்துக்கொண்டே பேசுகிறாள், நம்மிடம் பேச அவ்வளவுதான் நேரம் என்று அப்போது மனத்தாங்கல் பட்டிருந்தார்.

"ஏன் மறைச்சே?"

"நீங்க அத்தனை உசரத்துல உட்கார்ந்துக்கிட்டு இருக்கீங்க. கீழ ஆளுங்க நடக்காங்க. என் கையை நினைச்சுக்கிட்டு நீங்க எதையாவது யார் தலையிலயாவது போட்டுட்டா?"

அவர் கையிலிருந்த ஈர முனையை ஒருமுறை சுருட்டினார்.

"வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே."

"வந்த பிறகு எப்படிச் சொல்ல? மறைச்சு மறைச்சுப் பழகிப்போச்சு. நீங்க பக்கத்துல வந்தாலே கை தானா ஒளியப் பார்க்கு. கையோட சேர்ந்து உடம்பும். நானா செய்யலை. அன்னைக்கு மணிக்கட்டைப் பிடிச்சீங்களே, உயிரே போயிட்டு."

"நான் தொடுறது உனக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன்."

"என்னைப் பார்க்கவே உங்களுக்குப் பிடிக்கலைன்னு நான் நினைச்சேன்."

"அது எப்படி?"

"விடிஞ்சதும் கண்ணை மூடுறதுக்குன்னு ஒரு இடத்துக்குக் கிளம்பிப் போறீங்களே."

தில்லைநாயகம் ஜமுக்காளத்தைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். சட்டையெல்லாம் நனைந்தது. இரண்டு கையும் ஒழிந்ததும் அவள் இடது கையைக் கீழிருந்து ஏந்தினார். பற்றவில்லை. அந்த மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்தது. பெருவிரலுக்குக் கீழே ஓர் எலும்பு புடைத்திருந்தது. தை மாதத்திலிருந்து இந்தக் கையோடுதான் அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள், சோறு போட்டாள். அவர் பார்த்ததில்லை.

விறைப்பு உடனே போய்விடவில்லை. அவள் கை முதலில் பின்னால் போகப் பார்த்தது. அவர் அதோடு கூடவே கொஞ்சம் போனார். பிறகு அது நின்றது. மெல்ல மெல்ல அதன் கனம் அவர் உள்ளங்கையில் இறங்கியது.

"உங்களுக்கு எங்க வலிக்கு?" என்று அவள் கேட்டாள்.

யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. தியானக்கூடத்தில் கால் விரலிலிருந்து உச்சிவரை ஒவ்வொரு இடமாகக் கவனம் வைத்துப் பார்ப்பவர்தான். இப்போது யோசித்தார். "எங்கயும் இல்லையே."

அவள் வலது கையை நீட்டி அவர் தாடைக்குக் கீழே, காதோரம் வைத்து அழுத்தினாள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படி ஒரு வலி அங்கே இருந்தது.

"தூக்கத்துல பல்லைக் கடிக்கீங்க" என்றாள். "ரெண்டு கையும் எதையோ தள்ளுது, இழுக்குது. கிரேனுதான் ஓட்டுதீங்க போலன்னு பார்த்துக்கிட்டே படுத்திருப்பேன்."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"சுமையைத் தூக்கிக்கிட்டு இருக்கும்போது எழுப்பலாமா?"

அவர் சிரிக்கப் போனார், சிரிப்பு வரவில்லை. மலையிலிருந்து சாரல் இறங்கத் தொடங்கிவிட்டது. இருவரும் ஜமுக்காளத்தைப் பிழியாமலே கொடியில் போட்டார்கள். அது அன்று காயவில்லை. மகள் வந்து பாயில்தான் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் கிளம்பிப் போனாள். திங்கட்கிழமை காலையிலேயே தில்லைநாயகம் செண்பகவல்லியைத் தென்காசிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு இனி நேராகாது, ஆனால் தினமும் இளஞ்சூடாக எண்ணெய் போட்டு நீவி, விரலை மடக்கி நீட்டிப் பழக்கினால் வலி குறையும், பிடிமானம் கொஞ்சம் வரும் என்றார். திரும்பும்போது பஸ்ஸில் தில்லைநாயகம் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார், கூட்டம் அந்தக் கையில் இடிக்காதபடி.

நீவுவது அவருக்கு முதலில் வரவில்லை. ஒரு நாள் அழுத்தி அவள் கத்திவிட்டாள். ஒரு நாள் பயந்துபோய்ப் பட்டும் படாமலும் தேய்த்து, "இதுக்கு நானே தேய்ச்சுக்கிடலாம்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். பழைய வழக்கத்தில் அவள் தோள் சில நேரம் விறைக்கும். விறைத்தால் அவர் நிறுத்திவிடுவார். என்ன என்று கேட்கமாட்டார். கையை எடுக்கவும் மாட்டார். கொஞ்சம் பொறுத்து அவளே விரலை அசைப்பாள்.

அப்படி ஒரு மத்தியானம், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் முறம். அவள் இடது கை அவர் முழங்காலில் கிடந்தது. ஓய்வுக்காக அவளே வைத்தது. போன் அடித்தது. சுலைமான்.

தில்லைநாயகம் போனை எடுக்காமல் அவளைப் பார்த்தார். "என்ன சொல்லட்டும்?"

அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதான் உங்க இஷ்டம்னு சொல்லிட்டேனே."

அதே வார்த்தை. அதே குரல். ஆனால் அவர் முழங்காலில் கிடந்த கையின் விரல்கள் மடங்கின. முழுசாக மடங்காத விரல்கள். மடங்குகிற அளவுக்கு மடங்கி, அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டன.

அவர் போனை எடுத்தார்.

"பாய், நான் வரலை."

"ஏன்ப்பா? வீட்டுல விடமாட்டாங்களா?"

"ஆமா பாய். விடமாட்டேங்கிறா."

போனை வைத்ததும் செண்பகவல்லி திரும்பினாள். "நான் எப்போ விடமாட்டேன்னு சொன்னேன்?"

"இப்பத்தான்."

அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற கையால் கீரை ஆய்வதைத் தொடர்ந்தாள். காம்பும் இலையுமாகச் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்; அவர் காம்பைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார்.

சாரல் காலம் முடிகிற சமயத்தில் ஒரு காலை தில்லைநாயகம் தியானக்கூடத்துக்குப் போனார். எல்லாரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அவர் உள்ளே போய் உட்காரவில்லை. வராந்தாவில் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். குருவம்மாள் பார்த்துவிட்டு எழுந்து வெளியே வந்தார்.

"வாங்க அண்ணாச்சி. ரொம்ப நாளா ஆளைக் காணோம். ஓமானுக்கே போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

"போகலை குருவம்மா. வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"நல்லது."

"சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். இனிமே காலையில இங்க வர முடியாது போலிருக்கு. வீட்டுல அவளுக்குக் கையில பழைய முறிவு. எண்ணெய் போட்டு நீவி விடணும். அவளுக்கும் இந்த நேரம்தான் ஒழியுது."

"சரி."

அவர் போகாமல் நின்றார். சைக்கிள் மணியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"இத்தனை மாசம் உட்கார்ந்து பழகினது வீணாப் போயிருமோன்னு இருக்கு. இங்க வந்தா ஒரு மணி நேரம் அசையாம இருப்பேன். அங்க அது முடியாது. நீவிக்கிட்டு இருக்கும்போதே பால்காரன் வாரான். அவ ஏதாவது கதை சொல்லுதா, நான் சிரிச்சிருதேன். மூச்சு எங்க போகுது, எங்க வருதுன்னு ஒண்ணும் பார்க்க முடியலை."

"நீவும்போது கண்ணை மூடிக்கிடுவீங்களா?"

"மூடினா எப்படி? அவ முகத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். வலிச்சா வாய் திறந்து சொல்லமாட்டா. புருவத்துல ஒரு சின்னச் சுளிப்பு வரும், அவ்வளவுதான். அதுக்கு முந்தியே விரல்ல தெரிஞ்சிரும், அது வேற விஷயம்."

உள்ளே யாரோ இருமினார்கள்.

"இப்பகூட அடுப்புல எண்ணெயைக் காய வெச்சு இறக்கிட்டுத்தான் வந்தேன். அவ உட்கார்ந்திருக்கா" என்றார் தில்லைநாயகம். "அதனாலதான் கேக்கேன் குருவம்மா. இனிமே என் தியானத்துக்கு நான் என்ன செய்யட்டும்?"

குருவம்மாள் அவர் சைக்கிளைப் பிடித்து, ஊர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"எண்ணெய் ஆறிரும் அண்ணாச்சி. கிளம்புங்க."